மீன்தொட்டித் தண்ணியில் கரண்டா? கை வைக்க முதல் இதைப் பாருங்கோ

தங்கச்சிமாரே, தொட்டித் தண்ணிக்குள் விரலை வைத்ததும் சுருக்கென்று கடிக்கிற மாதிரி இருந்தால், ஈரக் கைதானே என்று விட்டுவிடாதீங்கோ. கையை எடுத்துவிட்டு, தொட்டிக்குப் போகிற பிளக் எல்லாவற்றையும் சொக்கெட்டிலிருந்து கழற்றுங்கோ. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. கிருலப்பனை, வெள்ளவத்தைப் பக்கத்துப் பழைய வீடுகளில் எத்தனையோ பேர் கைவைத்த வயரிங் இருக்கும். லைவும் நியூட்ரலும் மாறிப் போயிருந்தால் சுவிட்ச் அணைந்திருக்கும், ஆனால் தண்ணிக்குள் கிடக்கும் பம்பில் 230 வோல்ட் நிற்கும்.

எந்தச் சாமானிலிருந்து கரண்ட் வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கலாம். ஆனால் அளக்கிற வேலையை மின்வேலை தெரிந்தவர் செய்யட்டும். எர்த் எடுப்பதற்காகச் சொக்கெட் ஓட்டைக்குள் மீட்டர் கம்பியை நீங்கள் விடவே கூடாது. மேல் ஓட்டையில் எதையாவது செருகினால் கீழே லைவை மூடியிருக்கும் தட்டு திறந்துகொள்ளும்.

அவர் வந்ததும் இந்த ஒழுங்கில் பார்க்கச் சொல்லுங்கோ. எல்லாப் பிளக்கும் கழற்றியிருக்கும்போதே மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை நம்பகமான எர்த்திலும் மற்றதைத் தண்ணியிலும் அசையாமல் பொருத்த வேண்டும். அதன் பிறகு தண்ணியை யாரும் தொடக்கூடாது. பில்டர், ஹீட்டர், லைட் என்று ஒவ்வொன்றாகச் செருகி, மீட்டர் காட்டுவதை எழுதி, கழற்றி, அடுத்ததைச் செருக வேண்டும். ஹீட்டர் சூடேறுகிற நிலையில் இருக்கும்போது அளப்பது முக்கியம். அணைந்து கிடக்கும்போது குற்றம் தெரியாமல் போகலாம்.

இங்கேதான் கனபேர் பயந்துபோய் நல்ல பம்பை எறிகிறார்கள். பழுதே இல்லாத பம்பும் 30, 40 வோல்ட் காட்டும். சுருளில் ஓடும் ஏசி, இன்சுலேஷனைத் தாண்டித் தண்ணியில் ஒரு வோல்டேஜைத் தூண்டிவிடுகிறது. அதற்குப் பின்னால் கரண்ட் ஒன்றும் பெரிதாக இல்லை. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் தடை 10 மெகா ஓம் அளவில் இருக்கும், 40 வோல்ட்டில் அதனூடாகப் போவது 4 மைக்ரோ அம்பியர்தான். மனிதருக்கு உணரவே அரை மில்லி அம்பியர் அளவு வேண்டும், கீறல் இருந்தால் அதிலும் குறைவு. மீட்டருக்குக் குறுக்கே ஒரு சின்ன லோட் கொடுத்ததும் அளவு விழுந்துவிட்டால் அது வெறும் தூண்டல். விழாமல் நின்றால் கசிவு. டெஸ்டர் இந்த வித்தியாசத்தைக் காட்டாது, சொற்பக் கரண்டுக்கும் அதன் பல்ப் எரியும்.

மீன் சாகவில்லையே, அப்போ கரண்ட் இல்லை என்று நினைக்காதீங்கோ. ஒரே கம்பியில் குந்தியிருக்கும் காகம் மாதிரித்தான் மீனும். தண்ணியிலிருந்து கரண்ட் வெளியேற வழி இல்லாதவரை அதற்கு ஒன்றும் ஆகாது. சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நின்று கைவிடுகிற நீங்கள்தான் அந்த வழி.

கசிவு என்று உறுதியானால் நான் முதலில் சந்தேகப்படுவது ஹீட்டரைத்தான். தண்ணி மாற்றும்போது சூடான கண்ணாடிக் குழாய் வெளியே தெரிந்து, குளிர்ந்த தண்ணி பட்டதும் வெடிக்கும். கொழும்பின் சராசரி வெப்பநிலை 27, 28 பாகை. கப்பி, மோலி, ஏஞ்சல், கோல்ட் ஃபிஷ் வளர்க்கிறவருக்கு ஹீட்டரே தேவையில்லை. கழற்றி எறியுங்கோ. டிஸ்கஸ் வளர்க்கிறவர்கள் மட்டும் யோசிக்கலாம். அடுத்தது பம்ப் வயர், தொட்டி மூடி நசுக்குகிற இடத்தைப் பாருங்கோ. காயம்பட்ட வயருக்கு டேப் சுற்றித் திரும்பத் தண்ணிக்குள் போட வேண்டாம், டேப் தண்ணியைத் தடுக்காது. புதுசு வாங்குங்கோ.

இரண்டு முள் பிளக்கை, மேல் ஓட்டைக்குள் பேனையைக் குத்திச் செருகுகிற பழக்கத்தையும் நிறுத்துங்கோ. சரியான அடாப்டர் வாங்குங்கோ. பிளக்குக்கு வருமுன் வயர் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறட்டும், வயர் வழியே வழியும் தண்ணி அந்த வளைவிலேயே சொட்டிவிடும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்படி நிற்கும்போது தொட்டியை விடக் கீழே வைத்த காற்றுப் பம்புக்குள் குழாய் வழியே தண்ணி இறங்கிவிடும். குழாயில் ஒரு வழி வால்வு போடுங்கோ, இல்லாவிட்டால் பம்பை உயரத்தில் வையுங்கோ.

தண்ணிக்குள் எர்த் கம்பி போட்டால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். மீட்டர் பூச்சியம் காட்டும், உண்மைதான். ஆனால் பழுதான ஹீட்டரின் கரண்ட் அப்போதுதான் தண்ணியூடாக, மீனைத் தாண்டி, எர்த்துக்கு ஓடத் தொடங்கும். ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் அதைச் செய்யாதீங்கோ.

உண்மையான காவல் அந்த ட்ரிப் சுவிட்ச்தான். நம் நாட்டில் பொதுவாக ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்த எர்த் கம்பிதான் மண்ணில் இறங்கியிருக்கும். அதன் தடை 10 ஓம் என்று வைத்தால், லைவ் நேரடியாக எர்த்தில் முட்டினாலும் 23 அம்பியர்தான் போகும், 32 அம்பியர் பிரேக்கர் அசையாது. 30 மில்லி அம்பியர் கசிவுக்கே விழுகிற ட்ரிப் சுவிட்ச் கண் இமைக்க முன் துண்டிக்கும். உங்கள் பெட்டியில் 30 என்று எழுதியிருக்கிறதா பாருங்கோ, மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கோ. அழுத்தியும் விழாவிட்டால் உடனே மாற்ற வேண்டும்.

வாடகை வீடு என்றால் ட்ரிப் சுவிட்ச் பூட்டித் தரச்சொல்லி வீட்டுக்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கோ. அது பூட்டுகிற வரைக்கும், பிளக் கழற்றாமல் பிள்ளைகளைத் தொட்டிப் பக்கம் கைவைக்க விடாதீங்கோ.