வாடகைக்கு விட வீடு வாங்குகிறீர்களா?

டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பிவிட்டீர்கள் என்றால் ஐந்து நிமிடம் உட்காருங்கள். தமிழ்நாட்டில் முதல் வீட்டிலேயே கையைச் சுட்டுக்கொண்டவர்கள் செய்ததும் செய்யத் தவறியதும் இவைதான்.

செய்ய வேண்டியவை

• கணக்குப் போடுங்கள். பழைய ஃபிளாட் 60 லட்சம், மாத வாடகை 18,000 என்று வையுங்கள். முத்திரைத்தாள் கட்டணம் 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 5.4 லட்சம். முப்பது மாத வாடகை பத்திர ஆபீஸிலேயே தீர்ந்தது. சொத்து வரி, மெயின்டனன்ஸ், வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் தனி. கட்டுப்படியாகவில்லையா, இங்கேயே நின்றுவிடுங்கள்.

• 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் (ஈ.சி.) போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். ஆனால் பதியாத உயில், பதியாத அக்ரிமென்ட் எதுவும் ஈ.சி.யில் வராது. மூலப் பத்திரத்திலிருந்து கை மாறிய ஒவ்வொரு பத்திரத்தையும் உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். புரோக்கர் கூட்டிவரும் வக்கீல் புரோக்கருக்குத்தான் வக்கீல்.

• ஒரிஜினலைக் கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸை நீட்டி “ஒரிஜினல் லாக்கர்ல இருக்கு” என்றால் யாருடைய லாக்கர் என்று கேளுங்கள். கடன் கொடுத்தவருடையதாக இருக்கலாம்.

• யு.டி.எஸ். (பிரிக்கப்படாத நிலப் பங்கு) எத்தனை சதுர அடி என்று கேளுங்கள். கட்டடத்தை இடித்துக் கட்டும் காலம் வந்தால் உங்கள் பங்கு அதுதான்.

• மழை நாளில் போய்ப் பாருங்கள். வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் என்றால் 2015-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர்ப் பெட்டிக்கடையில் விசாரியுங்கள். இ.பி. மீட்டர் பெட்டியைத் தலை உயரத்துக்குத் தூக்கி மாட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

• வாடகை ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதியுங்கள். “11 மாசம்னு போட்டா பதிய வேண்டாம்” என்பதெல்லாம் பழைய கதை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எத்தனை மாதமானாலும் எழுத்தும் பதிவும் கேட்கிறது. தகராறு என்று போய் நிற்கும்போது கையில் பதிவு எண் இருக்க வேண்டும்.

• சாவி கொடுக்கும் முன் வீடியோ எடுங்கள். சுவர், குழாய், கீசர், மீட்டர் ரீடிங் எல்லாம் அதில் வரட்டும். பிறகு வாய்ச்சண்டை மிச்சம்.

செய்யக்கூடாதவை

• வீடு வாங்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். பணத்தை வாங்கியவருக்கு அதே தொகை அபராதம் விழலாம். கொடுத்ததற்கு உங்களிடமும் அத்தாட்சி இருக்காது.

• பவரை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பவர் பத்திரம் உங்களை உரிமையாளர் ஆக்காது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

• ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதியாத புது புராஜெக்ட்டில் “ரெரா நம்பர் வந்துடும் சார்” என்பதை நம்பாதீர்கள். வந்த பிறகு வாருங்கள்.

• அட்வான்ஸை எடுத்துச் செலவழிக்காதீர்கள். சென்னையில் 10 மாதம் வாங்கியே பழகிவிட்டோம். சட்டம் பேசுவது 3 மாதம். எவ்வளவு வாங்கினாலும் அது குடியிருப்பவர் பணம். தனி டெபாசிட்டில் போட்டுவையுங்கள்.

• சமையலறையைத் துருவாதீர்கள். அசைவமா, எந்த ஆட்கள் என்று கேட்டுக் கேட்டே வீட்டை மாதக்கணக்கில் காலியாக வைத்திருக்கும் ஓனர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. (அப்படிக் கேட்பதே அசிங்கம் என்பது என் கட்சி.) வேலை என்ன, முன்பிருந்த வீட்டில் வாடகை ஒழுங்காக வந்ததா, இதைக் கேளுங்கள்.

• வாடகை பாக்கி என்று கரண்ட்டையோ தண்ணீரையோ நிறுத்தாதீர்கள். சட்டப்படி தப்பு, நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வழக்கு உங்கள் மேல் திரும்பும். நோட்டீஸ் அனுப்புங்கள்.

• நினைத்த நேரத்தில் போய்க் கதவைத் தட்டாதீர்கள். 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும்.

• இரண்டு ஆணி அடித்ததற்கு ஒரு மாத வாடகையைப் பெயின்டிங் என்று பிடிக்காதீர்கள். மனம் நோகாமல் போகும் நல்ல குடித்தனக்காரர் அடுத்தவரை அனுப்பிவைப்பார்.

• வாடகை வருமானத்தை மறைக்காதீர்கள். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், ஹெச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி) கேட்பவர் தன் ஆபீஸில் உங்கள் பான் எண்ணைக் கொடுத்தாக வேண்டும், மறைத்தாலும் தெரிந்துவிடும். நீங்கள் கட்டிய சொத்து வரி போக மீதியில் 30% கழிவு தருகிறார்கள். அதை எடுத்துக்கொண்டு மிச்சத்துக்கு வரி கட்டுங்கள்.