ஒரு செல் பிள்ளையாகும் விதம்: தம்பதிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை



"மாத்திரை வாங்கி வச்சிருக்கேங்க, ஆனா சாப்பிடல." கர்ப்பிணித் தாய்மார்களிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஏன் என்று விசாரித்தால், "பிள்ளை கறுத்துப் போகும்னு மாமியார் சொன்னாங்க" என்பார் ஒருவர். "வயித்தைப் பிரட்டுது" என்பார் இன்னொருவர். "எனக்குத்தான் ஒரு நோயும் இல்லையே, எதுக்கு மாத்திரை?" என்பார் மற்றொருவர்.

நோயில்லாத உடம்புக்கு மாத்திரை எதற்கு? நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், வயிற்றில் வளரும் பிள்ளை எதனால் ஆனது, அது எப்படி உயிர் வாழ்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். ஒருவர் படிக்க மற்றவர் கேட்டாலும் சரியே.

செல் என்றால் என்ன?

வீடு செங்கற்களால் ஆனது போல நம் உடம்பு செல்களால் ஆனது. ஆனால் செங்கல் உயிரில்லாதது, செல் உயிருள்ளது. அது உணவு எடுக்கிறது, சக்தி உண்டாக்குகிறது, கழிவை வெளியே தள்ளுகிறது, பெருகுகிறது. வளர்ந்த ஒருவரின் உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் உண்டு. அத்தனையும் ஒரே ஒரு செல்லிலிருந்து வந்தவை. தாயின் கருமுட்டையும் தந்தையின் விந்தணுவும் சேர்ந்து உண்டானதே அந்த முதல் செல். அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் சுமார் 10-ல் ஒரு பங்குதான்.

அந்தச் சின்னப் புள்ளி பிள்ளையாக வளர வேண்டுமானால் மூன்று வேலைகள் இடைவிடாமல் நடக்க வேண்டும். வேண்டியதை உள்ளே கொண்டுவர வேண்டும், அதிலிருந்து சக்தி எடுக்க வேண்டும், ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டும்.

முதல் வேலை: வரத்தும் போக்கும்

ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. தோட்டத்து வேலி மாதிரி அது காவல் காக்கிறது. பிராணவாயு அதன் வழியே தானாக நுழைந்துவிடும். சர்க்கரைச் சத்துக்குத் தனி வாசல் உண்டு. சில சத்துக்களையோ செல் தன் சக்தியைச் செலவழித்துத்தான் உள்ளே இழுக்க வேண்டும். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாகப் பாயும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்ற வேண்டுமானால் கமலை பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் போட வேண்டும் அல்லவா? அது போலத்தான் இதுவும்.

வயிற்றுப் பிள்ளைக்கு இந்தச் சத்துக்கள் எங்கிருந்து வருகின்றன? தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக வருகின்றன. தாயின் இரத்தமும் பிள்ளையின் இரத்தமும் ஒன்றாகக் கலப்பதில்லை. நடுவில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று நிற்கிறது. பிராணவாயு, சர்க்கரை, புரதச் சத்து, இரும்புச் சத்து ஆகியவை அதைத் தாண்டிப் பிள்ளையிடம் போகின்றன. பிள்ளையின் கழிவு தாயிடம் திரும்பி வருகிறது. தாயின் கையிருப்பு குறைவாக இருந்தாலும் பிள்ளை முடிந்த மட்டும் இரும்பை இழுத்துக்கொள்ளும். அப்போது தாய்தான் வற்றிப் போகிறாள்.

கணவர்மார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வேலி எல்லா நஞ்சையும் தடுத்துவிடாது. புகையிலையிலுள்ள நிகோடின், பீடி சிகரெட் புகையிலுள்ள விஷவாயு, சாராயம் எல்லாம் இதைத் தாண்டிவிடும். நீங்கள் வீட்டுக்குள் பீடி பிடித்தால், அந்தப் புகையைத் தாயும் சுவாசிக்கிறாள். அதன் கெடுதல் வயிற்றுப் பிள்ளைக்கும் போய்ச் சேருகிறது.

இரண்டாவது வேலை: அடுப்பெரிப்பது

செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய உறுப்புகள் உள்ளன. இவைதான் செல்லின் அடுப்பு. சர்க்கரைச் சத்து விறகு, பிராணவாயு காற்று. காற்றில்லாத அடுப்பு எப்படி எரியும்? புகைந்து புகைந்து அணையும். பிராணவாயு கிடைத்தால் ஒரே அளவு சர்க்கரையிலிருந்து, அது கிடைக்காதபோது வருவதைவிடச் சுமார் 15 மடங்கு சக்தி வருகிறது.

இந்தப் பிராணவாயுவைச் சுமந்து வருபவை இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள். அவற்றுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின்தான் பிராணவாயுவைப் பிடித்து வைக்கும் கூடை. அந்தக் கூடையை முடைய இரும்புச் சத்து வேண்டும். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். பழையவை அழிய அழியப் புதியவை உண்டாகிக்கொண்டே இருக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் தாயின் இரத்தம் பெருக வேண்டும், பிள்ளைக்கும் இரத்தம் ஊற வேண்டும். இந்த 9 மாதங்களில் மொத்தம் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. அன்றாடச் சாப்பாட்டிலிருந்து மட்டும் இதைத் திரட்டுவது கடினம்.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. 7 கிராமுக்குக் கீழே போனால் ஆபத்து. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், இந்தியக் கர்ப்பிணிகளில் 100-க்கு 52 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இவர்களில் பலர் "ஒரு நோயும் இல்லை" என்றே நினைத்திருப்பார்கள். களைப்பையும் மூச்சு வாங்குவதையும் "மாசமா இருந்தா அப்படித்தான்" என்று விட்டுவிடுவோம். பிரசவத்தில் இரத்தம் போகும்போதுதான் விபரீதம் தெரியும். மற்றவள் தாங்கிக்கொள்ளும் இரத்தப்போக்கை இரத்தசோகை உள்ளவளால் தாங்க முடியாது, உயிருக்கே ஆபத்தாகிவிடும். பிள்ளையும் குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறக்கலாம்.

மூன்றாவது வேலை: ஒன்று இரண்டாவது

கரு உண்டான சுமார் ஒரு நாளில் முதல் செல் இரண்டாகப் பிரிகிறது. இரண்டு நான்காகிறது, நான்கு எட்டாகிறது. செல் பிரியுமுன் தனக்குள் இருக்கும் 46 குரோமோசோம்களையும் அச்சு மாறாமல் நகல் எடுக்க வேண்டும். பத்திரத்துக்கு நகல் எழுதுவது போல, பிழை வந்தால் வில்லங்கம். இந்த நகலெடுப்புக்கு வேண்டிய முக்கியமான சத்து ஃபோலிக் அமிலம்.

இங்கேதான் காலத்தைக் கவனிக்க வேண்டும். பிள்ளையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான குழாய் கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. சரியாக மூடாவிட்டால் முதுகுத்தண்டில் குறையோடு பிள்ளை பிறக்கலாம். "தலைக்குக் குளிக்க நாள் தள்ளிப் போச்சே" என்று மனைவி யோசிக்கும்போதே அந்தக் காலம் பாதி ஓடியிருக்கும். ஆகவே இந்த மாத்திரையைக் கர்ப்பம் தெரிந்த பிறகு அல்ல, பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே தொடங்க வேண்டும்.

இன்னொரு விஷயம். அந்த 46 குரோமோசோம்களில் 23 தாயிடமிருந்தும் 23 தந்தையிடமிருந்தும் வருகின்றன. ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்யும் குரோமோசோம் தந்தையின் விந்தணுவில்தான் வருகிறது. பெண் பிறந்ததென்று மனைவியைக் குறை சொல்வது அறியாமை. அதற்காகக் கணவரைக் குறை சொல்லவும் வேண்டாம். அது யார் கையிலும் இல்லை. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சோதித்துச் சொல்வது 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

சந்தேகமும் விளக்கமும்

மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுக்குமா? கறுக்காது. உடம்பு எடுத்தது போக மிஞ்சிய இரும்பு மலத்தோடு போவதால் மலம்தான் கறுக்கும். பிள்ளையின் நிறம் பெற்றோரின் வழி வருவது.

வயிற்றைப் பிரட்டினால்? இரவு சாப்பிட்ட பிறகு, படுக்கப் போகுமுன் விழுங்குங்கள். சில நாளில் பழகிவிடும். பழகாவிட்டால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், செவிலியரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. பிள்ளை வேண்டும் என்று தீர்மானித்த நாளிலிருந்து முதல் 3 மாதம் முடியும்வரை மனைவி தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரை ஒன்று சாப்பிட வேண்டும். முன்பு தண்டுவடக் குறையோடு பிள்ளை பிறந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவு வேறுபடும்.

2. 4-வது மாதம் முதல் 180 நாளும், பிரசவத்துக்குப் பின் 180 நாளும் தினம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். இரத்தசோகை இருந்தால் டாக்டர் சொல்லும் அளவில் சாப்பிடுங்கள்.

3. மாத்திரையோடு டீ, காபி வேண்டாம். அவை இரும்பு உடம்பில் சேருவதைக் குறைக்கும். கால்சியம் மாத்திரையை வேறு வேளையில் சாப்பிடுங்கள். நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா ஆகியவை இரும்பு சேர உதவும்.

4. கம்பு, கீரை, பயறு, எள், முடிந்தால் மீன், கறி ஆகியவை மனைவியின் தட்டில் தினம் ஏதாவது ஒரு வகையில் இருக்கட்டும். எல்லோரும் சாப்பிட்டு மிச்சம் இருந்தால் அவளுக்கு என்ற வழக்கத்தை மாற்றுங்கள்.

5. ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 2 வருடம் இடைவெளி விடுங்கள். அறுவடை முடிந்த நிலத்துக்கு உரம் போடாமல் உடனே அடுத்த போகம் விதைப்பீர்களா? இடைவெளிக்கு ஆணுறை, காப்பர்-டி, மாத்திரை, ஊசி என்று பல முறைகள் உள்ளன. உங்களுக்கு ஏற்றதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

6. ஒவ்வொரு பரிசோதனைக்கும் கணவரும் கூடச் செல்லுங்கள். ஹீமோகுளோபின் எத்தனை கிராம் என்று கேட்டு நினைவில் வையுங்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். சந்தேகம் எதுவானாலும் கூச்சப்படாமல் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரையோ, ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரையோ கேளுங்கள். மாத்திரையும் பரிசோதனையும் அங்கே இலவசம். வாங்கி வைத்த மாத்திரை பெட்டிக்குள் இருந்தால் செல்லுக்கு எட்டாது. இன்று இரவே ஒன்றை எடுத்துத் தண்ணீரோடு உங்கள் மனைவியிடம் நீங்களே கொடுங்கள்.