சபரகமுவ நாட்டின் இயற்கை எழில் – ஓர் ஒப்புநோக்கு

பிறந்த மண்ணைப் போற்றுதல் மக்கட்கு இயல்பு. யாழ்ப்பாணத்தார் பனையையும், மட்டக்களப்பார் வாவியையும், தஞ்சையார் காவிரியையும் பெருமிதத்துடன் பேசுவர். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புற மாணவரிற் பலரோ, ‘எமது ஊர்’ என்னும் பொருளிற் கட்டுரை வரையுமாறு பணித்தால், தாம் கண்டறியாத பனந்தோப்பையும் வெண்மணற் கடற்கரையையும் வரைந்து தருகின்றனர். கண்முன் வீழும் அருவி அவர்தம் ஏட்டில் வீழ்வதில்லை. “எமது ஊரில் எழுதுதற்கு யாதுளது?” என வினவுவாரும் உளர். அவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடங்களை ஒப்பிடுங்கால் ‘எது உயர்ந்தது?’ என்று கேட்டல் பயன் தராது. ‘எது எதனால் அவ்வாறாயிற்று?’ என்று கேட்டலே அறிவுடைமை. இதற்குத் தொல்காப்பியர் வகுத்த முறை நமக்கு நன்கு உதவும். நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் விலங்கும் தொழிலும் போல்வன கருப்பொருள். மாந்தர்தம் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றையும் அளவுகோலாகக் கொள்வோம்.

முதற்பொருள்

யாழ்ப்பாணம் சுண்ணக்கற் பாறைமேல் அமைந்த சமநிலம். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழையே அங்குப் பெய்யும். அதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையில் முடிந்துவிடும். பெய்த நீர் பாறையினூடே கீழிறங்கிக் கிணறுகளிற் சேரும். வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஆகவே அந்நாட்டின் எழில், மனிதன் நீரை மேலே கொணர்ந்து செம்மண்ணிற் பாய்ச்சியதால் விளைந்த எழில் ஆகும்.

சபரகமுவவின் நிலை இதற்கு மறுதலை. வைகாசி தொடங்கி வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சரிவில் மோதி, இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேலாக மழையைச் சொரிகின்றது. இங்கு நீரைத் தேடுவார் இலர். நீரே மனிதனைத் தேடி வருகின்றது. சிவனொளிபாதமலைப் பக்கத்துத் தோன்றும் களுகங்கை இரத்தினபுரியைத் தழுவிக் களுத்துறையிற் கடலை அடைகின்றது. களனிகங்கை கித்துல்கல, எட்டியாந்தோட்டை வழியே இறங்குகின்றது. வளவைகங்கை பலாங்கொடைப் பக்கமாகத் தெற்கே செல்கின்றது.

இனி, நுவரெலியாவை நோக்குக. அது 1,868 மீற்றர் உயரத்திலுள்ள குளிர்நாடு. மலைமேல் நின்று பார்ப்பார்க்கு உரிய அழகினது. இரத்தினபுரியோ மலையடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார்க்கு உரியது. 2,243 மீற்றர் உயர்ந்த சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணி வழியே செல்வோர் பாதி உயரத்திலிருந்தே ஏறத் தொடங்குகின்றனர். பலாபத்தல வழியே செல்வோர்க்கு ஏற்றம் மிக நீண்டது. அவரே மலையின் பெருமையை அடிமுதல் முடிவரை அளந்தறிவர்.

கருப்பொருள்

வெப்பமும் மழையும் ஒருங்கே கூடியமையால் இங்கு மரஞ்செடிகள் செறிந்து வளர்கின்றன. 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்த சிங்கராஜ வனத்தின் ஒரு பகுதி இரத்தினபுரி மாவட்டத்துக்கு உரியது. அவ்வனத்து மரவினங்களுள் நூற்றுக்கு 60க்கு மேற்பட்டவை இலங்கையன்றி வேறெங்கும் காணப்படாதவை. இதே மாவட்டத்தின் தென்கிழக்கில், யானைகள் மேயும் உடவளவைப் புல்வெளி வறண்டு கிடக்கின்றது. மழைக்காடும் வறள்வெளியும் ஒரே மாவட்டத்துள் அமைந்தமை வியத்தற்கு உரியதன்றோ!

யாழ்ப்பாணத்தார்க்குப் பனை எத்தகையதோ, இங்குள்ளார்க்குக் கித்துள் அத்தகையது. இரண்டும் பாளையிற் பதநீர் சுரந்து கருப்பட்டி தருவன. கேகாலையின் இறப்பர் மரமோ வந்தேறியது. அமேசன் காட்டு வித்திலிருந்து முளைத்த கன்றுகள் 1876இல் கம்பஹாவின் ஹெனரத்கொடைப் பூங்காவை அடைந்தன. இன்று தை, மாசியில் இறப்பர்க் காடுகள் சிவந்து இலையுதிர்த்துச் சில கிழமைகளிற் செம்புநிறத் தளிர் விடும் காட்சி, மேனாட்டார் பாராட்டும் இலையுதிர்காலத்துக்குச் சிறிதும் இளைத்ததன்று.

உரிப்பொருள்

சிங்கராஜம் மனிதன் கைபடாததால் அழகியது. தேயிலை மலை மனிதன் கைபட்டதால் அழகியது. செங்குத்தான சரிவில் கான் வெட்டி, நிரை பிடித்து, கவ்வாத்துச் செய்து, கொழுந்தெடுத்து, அதிகாலையில் இறப்பர்ப் பால் வெட்டி இந்நிலத்தை ஆக்கியோர் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர். அவருட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் சட்டத்தாற் குடியுரிமையற்றோர் ஆயினர். 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்றோரிற் சிலர் நீலகிரியில், 1968 முதல் அவர்பொருட்டு அமைந்த அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்தெடுத்தனர். 1977, 1981ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் இம்மலைகளை நீங்கி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினோரும் உளர். நீர் ஓடும் நாட்டிலிருந்து நீர் தோண்டும் நாட்டுக்குச் சென்ற அவரே மெய்யான ஒப்புநோக்கு வல்லார். பிரிவு பாலைக்கு உரியது என்பர். இம்மலைக் குறிஞ்சிக்கும் அதுவே உரிப்பொருள் ஆயிற்று.

மற்றோர் உண்மையும் உண்டு. எழிலைத் தரும் மழையே இடரையும் தருகின்றது. 2016ஆம் ஆண்டு வைகாசியில், கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமற் போயும் ஒழிந்தனர். அதே மழையிற் புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயமும் மண்ணுட் புதைந்தது. வழிப்போக்கன் அருவியைக் கண்டு மகிழ்ந்து செல்வான்; லயத்தில் உறைவோன் இரவெல்லாம் அதன் ஓசையைக் கேட்டு விழித்திருப்பான்.

ஆகவே, மாணவர்காள்! உம்மூரை உற்றுநோக்கி எழுதுதல் கட்டுரைப் பயிற்சி மட்டுமன்று. தெளிந்த ஊற்று காரணமின்றிக் கலங்குதல், சரிவில் புதுவெடிப்புத் தோன்றுதல், நேரே நின்ற மரம் சாய்தல் ஆகியன மண்சரிவின் முன்குறிகள். தன் மலையின் நேற்றைய தோற்றத்தை அறிந்தவனே அதன் இன்றைய மாற்றத்தை அறிவான். பனந்தோப்பை மனப்பாடம் செய்தவன் அதனை அறியான்.

பழைய மாணவரை யாம் வேண்டுவதும் ஒன்றுண்டு. நுமது தோட்டத்தின் ஓடைக்கும் குன்றுக்கும் பாறைக்கும் முதியோர் வழங்கிய பெயர்களைக் கேட்டு எழுதி, இக்கல்லூரி நூலகத்துக்கு அளியுங்கள். பெயர் தெரிந்த மலையை யாரும் எளிதிற் பிறர் மலையென்று கருதார். சபரகமுவவின் எழிலை அதன் மக்களே தம் சொல்லில் எழுதும் நாள் விரைவில் வருவதாக.