பாலை நிறுத்துவதற்கு முன்

உடல்நலம் குன்றியவுடன் பல வீடுகளில் முதலில் நிறுத்தப்படும் உணவுகளுள் பாலும் ஒன்று. ‘சளி கூடும்’, ‘சிறுநீரகக் கல்லுக்கு ஆகாது’, ‘வயதானவர்களுக்குச் செரிக்காது’ எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. தேவையின்றிப் பாலை நிறுத்துவதால் நேரும் இழப்பு உடனே தெரிவதில்லை. பல ஆண்டுகள் கழித்து, குளியலறையில் வழுக்கி விழும் ஒரு நாளில் இடுப்பெலும்பு முறிவாக அது வெளிப்படக்கூடும்.

பால் தரும் பயன்

நம் உடலிலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு எலும்புகளிலும் பற்களிலும் உள்ளது. உணவில் கால்சியம் குறைந்தால், உடல் அதனை எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்தின் அளவைச் சமன் செய்துகொள்கிறது. ஆகவே, இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருப்பதைக் கொண்டு மட்டும் எலும்பு வலுவாக உள்ளது என்று கருத இயலாது.

வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியமும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 மில்லிகிராமும் தேவை. 200 மில்லி பசும்பாலில் சுமார் 240 மில்லிகிராம் கால்சியமும் 6 கிராம் புரதமும் கிடைக்கின்றன. சைவ உணவு உண்போருக்கு வைட்டமின் பி12 கிடைக்கும் முதன்மையான வழியும் இதுவே. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாளொன்றுக்கு 300 மில்லி பால் அல்லது தயிரைப் பரிந்துரைக்கிறது.

ஆஸ்திரேலியாவில் 60 முதியோர் இல்லங்களில் நடத்தப்பெற்ற ஓர் ஆய்வு 2021-இல் வெளியாயிற்று. பால், தயிர், பாலாடைக்கட்டி ஆகியவை கூடுதலாக வழங்கப்பட்ட இல்லங்களில் இடுப்பெலும்பு முறிவுகள் 46 விழுக்காடு குறைந்தன. அம்முதியோருக்கு வைட்டமின் டி போதிய அளவில் இருந்தது என்பதையும் கருத வேண்டும். வெயிலும் நடைப்பயிற்சியும் இன்றிப் பால் மட்டும் எலும்பைக் காத்துவிடாது.

அச்சங்களும் உண்மையும்

சிறுநீரகக் கற்களுள் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பற்றிக்கொண்டு மலத்துடன் வெளியேற்றுகிறது. எனவே பாலை அறவே நிறுத்தினால் கல் உருவாகும் வாய்ப்பு கூடவே செய்யும்.

பால் சளியைக் கூடுதலாகச் சுரக்கச் செய்வதில்லை. அருந்தியபின் தொண்டையில் சற்று நேரம் தோன்றும் பிசுபிசுப்பே அவ்வாறு எண்ண வைக்கிறது.

பால் அருந்தினால் வயிறு உப்புதலும் வயிற்றுப்போக்கும் ஏற்படுவோர்க்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவாக இருக்கலாம். அவர்களுள் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். பால் ஒவ்வாமை உடையோர் மட்டும் இவற்றையும் தவிர்க்க வேண்டும். அவர்கள் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை ஆகியவற்றை உண்ணலாம்.

கவனிக்க வேண்டியவை

• நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உடையோருக்குப் பாலின் அளவை மருத்துவரே வரையறுக்க வேண்டும். அதிலுள்ள பாஸ்பரசும் பொட்டாசியமும் அவர்கள் உடலில் தேங்கக்கூடும்.
• நீரிழிவு உடையோர் சர்க்கரை சேர்க்காமலும், இதய நோய் உடையோர் கொழுப்பு நீக்கிய பாலாகவும் அருந்துவது நன்று.
• ஒரு வயது நிறையாத குழந்தைக்குப் பசும்பால் தாய்ப்பாலுக்கு மாற்றாகாது.
• கறந்த பாலைக் காய்ச்சாமல் அருந்தலாகாது. காசநோய்க் கிருமியும் அதன்வழிப் பரவக்கூடும்.
• தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் மட்டுமே உட்கொள்ள வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையையும், சிப்ரோபிளாக்சசின், டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகளையும் பாலுடன் விழுங்கினால் அவற்றின் பயன் குறையும்.

பாலை நிறுத்துவதா, குறைப்பதா என்ற ஐயம் எழுந்தால், அடுத்த முறை வரும்போது உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் எடுத்து வாருங்கள். உங்கள் நோய்க்கும் வயதுக்கும் ஏற்ற அளவை நாங்கள் வகுத்துத் தருவோம். அதுவரை, மருத்துவர் தடுத்தாலன்றி நாள்தோறும் அருந்தும் பாலையும் உண்ணும் தயிரையும் விட்டுவிடாதீர்கள்.