எருவுக்கும் கணக்கு வேண்டும்

“யூரியா போடுறவன் கெணறு கெட்டுப்போகும். சாணி போடுறவன் கெணறு எப்படிங்க கெடும்?” உழவர் கூட்டங்களில் இந்தக் கேள்வியை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

2025 தொடக்கத்தில் என் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். நைட்ரேட் லிட்டருக்கு 68 மில்லிகிராம் என்று வந்தது. குடிநீரில் 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரம்பு. என் நிலத்தில் ஒன்பது வருஷமாக ஒரு கைப்பிடி யூரியாகூட விழவில்லை. பிறகு இது எங்கிருந்து வந்தது?

முப்பத்து நாலு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால் எந்த இடத்தில் தவறு என்று தேடாமல் தூக்கம் வராது. தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். திண்டிவனம் பக்கம் இயற்கை வழியில் பயிர் செய்கிறவர்களும், புதிதாக வர நினைக்கிறவர்களும் இதைப் படித்துவிட்டுத் தங்கள் எருக்குழியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

நம் மாவட்டத்தின் நிலை

மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024ஆம் ஆண்டுக்கான நிலத்தடி நீர்த் தர அறிக்கையை வெளியிட்டது. நாடு முழுவதும் 440 மாவட்டங்களில் நைட்ரேட் வரம்பைத் தாண்டியிருப்பதாக அது சொல்கிறது. 2017இல் இது 359 மாவட்டங்களாக இருந்தது. மிக மோசமான 15 மாவட்டங்கள் என்று தனியாகக் கொடுத்த பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இருப்பது ஒரே மாவட்டம். அது நம்ம விழுப்புரம்.

இதற்கு எரு மட்டும் காரணம் இல்லை. யூரியா இருக்கிறது, கழிவுநீர் இருக்கிறது, வீட்டுக்கு வீடு கழிவறைக் குழி இருக்கிறது. என் கிணற்றுக்கு மேல்நிலத்தில் கரும்பு வைத்திருப்பவர் மூட்டை மூட்டையாக உரம் போடுகிறார் என்பதும் உண்மை. ஆனால் அவரைக் கைகாட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. கால்நடைக் கழிவும் நைட்ரேட்டுக்கு ஒரு காரணம் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

சாணி எப்படி நைட்ரேட் ஆகிறது?

சாணத்திலும் கோழி எச்சத்திலும் தழைச்சத்து இருக்கிறது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை முதலில் அம்மோனியமாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பயிர் பெரும்பாலும் நைட்ரேட்டாகத்தான் எடுத்துக்கொள்கிறது. இது நடக்கவில்லை என்றால் எரு போட்டும் பயன் இல்லை.

சிக்கல் எங்கே என்றால், நைட்ரேட்டை மண் பிடித்து வைக்காது. களிமண் துகளும் நைட்ரேட்டும் இரண்டுமே எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றை ஒன்று ஒட்டாது. பயிர் எடுத்தது போக மிச்சம் இருப்பது தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். நம் பக்கத்துச் செம்மண், மணல் கலந்த நிலத்தில் இன்னும் வேகமாக இறங்கும். அந்த நைட்ரேட் யூரியா மூட்டையிலிருந்து வந்ததா, மாட்டுச் சாணத்திலிருந்து வந்ததா என்று கிணற்றுக்குத் தெரியாது.

மணிச்சத்தின் வழி வேறு. அது மண்ணோடு ஒட்டிக்கொண்டு, மேல்மண் அரிக்கும்போது ஓடை வழியாக ஏரிக்குப் போகும். தண்ணீர் பச்சை கட்டுவதும், ஆகாயத்தாமரை மண்டுவதும், அது அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் சாவதும் இந்தச் சத்து சேர்வதால்தான்.

நான் செய்த தவறு

மூன்று வருஷம் தொடர்ந்து, மார்கழிப் பட்டத்து மல்லாட்டைக்கு ஒரு டிப்பர் கோழி எரு வாங்கி இரண்டு ஏக்கரில் இறைத்தேன். சுமார் 10 டன். “எரு தானே, அதிகம் போட்டா என்ன கெட்டுப்போகுது” என்பதுதான் என் நினைப்பு. ஏக்கருக்கு 5 டன் தொழு எரு போடலாம் என்று படித்திருந்தேன். அதே அளவைக் கோழி எருவுக்கும் வைத்துக்கொண்டேன்.

அங்கேதான் கணக்கு பிசகியது. நன்கு மக்கிய தொழு எருவில் தழைச்சத்து அரை சதவீதம். காய்ந்த கோழி எருவில் சுமார் 3 சதவீதம். அதாவது ஆறு மடங்கு. ஏக்கருக்கு 5 டன் கோழி எரு என்றால் 150 கிலோ தழைச்சத்து. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 45 கிலோ மூட்டையில் ஏழு மூட்டைக்கு மேல் வருகிறது. ஏக்கருக்கு ஏழு மூட்டை யூரியா போடுகிறவரை நான் என்னவெல்லாம் சொல்லியிருப்பேன்!

அதுவும் மல்லாட்டைக்கு. வேர் முடிச்சில் தானே தழைச்சத்து சேர்த்துக்கொள்ளும் பயிர் அது. கொடி முழங்கால் உயரம் தழைத்தது. காய் பிடிக்கவில்லை. “கொடி நல்லா இருக்கே” என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பிடுங்கும்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது தவறு, குவித்து வைத்த இடம். 2024 ஐப்பசியிலேயே எருவை இறக்கி, டிப்பர் வர வசதியாக ஓடைக்கரை ஓரம் கொட்டி வைத்தேன். மூடவில்லை. நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மயிலத்தில் மட்டும் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. காலையில் போய்ப் பார்த்தால் குவியலில் பாதி இல்லை. ஓடை அதை ஏரிக்குக் கொண்டுபோய்விட்டது. எங்கள் ஏரியின் உபரித் தண்ணீர் கலங்கல் தாண்டி, அடுத்தடுத்த ஏரிகள் வழியாகக் கழுவெளிக்குப் போகிறது. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்த அதே கழுவெளிதான். பறவைகளுக்கு நான் அனுப்பிய பங்கு அது.

பரிசோதனை முடிவு வந்ததும் முதல் வேலையாகப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவர்கள் என் கிணற்றில்தான் குடிக்கத் தண்ணீர் எடுக்கிறார்கள். வீட்டில் நாலு மாதக் கைக்குழந்தை. பால்பவுடர் கலப்பதும் அதே தண்ணீரில்தான். விஷயத்தைச் சொன்னேன். “நல்லா காய்ச்சித்தான் குடுக்குறோம் சார்” என்றார் குழந்தையின் பாட்டி. காய்ச்சினால் கிருமிதான் சாகும். நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். கைக்குழந்தையின் ரத்தத்தில் அது ஆக்சிஜன் ஏற்றிச் செல்லும் திறனைக் குறைத்து, உடம்பு நீலம் பாரிக்க வைக்கும். 1945இலேயே அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர் கிணற்றுத் தண்ணீருக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை எழுதியிருக்கிறார். நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது வேறு தண்ணீர் வாங்குகிறார்கள். அந்தச் செலவை நான் கொடுக்கிறேன்.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள்?

ஐரோப்பிய நாடுகள் 1991இல் நைட்ரேட் நெறிமுறை என்று ஒரு சட்டம் கொண்டுவந்தன. நைட்ரேட்டால் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ தழைச்சத்துக்கு மேல் கால்நடை எருவாகப் போடக் கூடாது. நம் கணக்கில் ஏக்கருக்குச் சுமார் 68 கிலோ. எரு போடக் கூடாத மாதங்கள், நீர்நிலை ஓரத்திலும் சரிவான நிலத்திலும் தண்ணீர் தேங்கிய நிலத்திலும் போடுவதற்குக் கட்டுப்பாடு, அந்த மாதங்களில் எருவைச் சேமித்து வைக்க இடம் என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு.

நெதர்லாந்து இதில் பட்ட பாடு நமக்குப் பாடம். கடல் தாண்டி வந்த சோயாவைத் தின்று மாடும் பன்றியும் பெருகின. தீவனம் எங்கிருந்தோ வந்தது, எரு அங்கேயே தங்கியது. நிலம் தாங்கும் அளவைத் தாண்டிப் பல பத்தாண்டுகள் கழித்துக் கட்டுப்படுத்தப் போனபோது, 2019இல் உழவர்கள் டிராக்டரோடு சாலைக்கு வந்துவிட்டார்கள். சிறிதாக இருக்கும்போதே கவனித்திருந்தால் உழவர் தலையில் அது மொத்தமாக விழுந்திருக்காது.

நம் நாட்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பால் பண்ணைகளுக்கும் கோசாலைகளுக்கும் 2020இல் வழிகாட்டு நெறிகள் கொடுத்தது. கோழிப் பண்ணைகளுக்கும் நெறிகள் உண்டு. அவை பெரும்பாலும் பண்ணையின் கழிவு பண்ணையிலிருந்து எப்படி வெளியேற வேண்டும் என்று பேசுகின்றன. வாங்கிய எருவை வயலில் எவ்வளவு, எப்போது, எங்கே போடுவது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாடு வைத்திருப்பவர் பயப்பட வேண்டாம்

நாட்டு மாடு ஒன்று நாளைக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும். ஆண்டுக்கு மூன்றரை டன். மக்கிய பிறகு இரண்டு டன் தேறினால் பெரிது. அதில் தழைச்சத்து 10 கிலோ. ஏக்கருக்கு 68 கிலோவை எட்ட வேண்டும் என்றால் ஏக்கருக்கு ஏழு மாடு வேண்டும். நம்மில் யாரிடம் இருக்கிறது? சொந்த மாட்டுச் சாணத்தை நிலம் முழுக்கப் பரப்பி இறைக்கிறவருக்கு அளவு பற்றிய கவலை இல்லை. ஆபத்து மூன்று இடத்தில்தான்: வெளியிலிருந்து லாரியில் வரும் எரு, ஒரே இடத்தில் குவியும் எரு, மழைக்கு முன்னால் போடும் எரு.

நம் பெரியவர்களின் ஆட்டுக்கிடையைப் பாருங்கள். ஒரு ராத்திரி இங்கே, மறு ராத்திரி அடுத்த பாத்தியில் என்று கிடையை மாற்றிக்கொண்டே போவார்கள். ஒரே இடத்தில் நாலு நாள் மறித்தால் “பயிர் கருகிடும்பா” என்று கீதாரியே சொல்லுவார். கோடையில் ஏரி வண்டலை வண்டியில் அள்ளி வயலுக்குக் கொண்டுவந்தார்கள். ஓடிப்போன சத்து திரும்பி வந்தது. எருவுக்கு அளவு உண்டு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் குழுவில் வைத்துக்கொண்ட நடைமுறை

எங்கள் குழு உறுப்பினர்கள் உட்கார்ந்து பேசி, கீழ்க்கண்டவற்றை முடிவு செய்தோம். அரசு விதி இல்லை. நாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு.

1. எரு எடை. டிராக்டர் டிப்பரை ஒரே ஒருமுறை எடைமேடையில் ஏற்றுங்கள். “நாலு லோடு போட்டேன்” என்பது கணக்கு இல்லை. எத்தனை டன் என்று தெரிய வேண்டும்.

2. ஏக்கருக்கு ஆண்டுக்கு 68 கிலோ தழைச்சத்து என்பது உச்ச வரம்பு. தொழு எருவானால் 13 டன், காய்ந்த கோழி எருவானால் இரண்டே கால் டன். இது போட வேண்டிய அளவு இல்லை, தாண்டக் கூடாத அளவு. பெரும்பாலான பயிர்களுக்கு 5 டன் தொழு எரு போதும். மல்லாட்டை, உளுந்து போன்ற பயறுவகைக்குக் கோழி எருவே வேண்டாம். நெல்லுக்கும் அதிகமானால் பயிர் சாயும், புகையான் வரும்.

3. கோழி எருவைப் பச்சையாகப் போடுவதில்லை. மல்லாட்டைக் கொடி, கரும்புச் சோகை, வைக்கோல் என்று கிடைப்பதைக் கலந்து மக்க வைத்த பிறகுதான் வயலுக்கு. மக்கிய எரு சத்தை மெதுவாக விடும்.

4. குவியல் மேட்டில், மர நிழலில். கிணறு, ஆழ்துளைக் கிணறு, ஓடை, ஏரிக்கரை எதிலிருந்தும் 100 அடியாவது தள்ளி. மேலே பனையோலையோ தார்ப்பாயோ போட்டு மூட வேண்டும். சுற்றிலும் ஒரு முழம் வரப்பு.

5. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் எரு இறைப்பது இல்லை. மற்ற மாதங்களிலும் வானிலை அறிவிப்பில் கனமழை இருந்தால் ஒத்திவைப்பு. இறைத்த அன்றே உழுது மண்ணில் கலந்துவிட வேண்டும்.

6. நீர்நிலை ஓரம் 30 அடிக்கு எரு போடுவதில்லை. அந்த இடத்தில் வெட்டிவேர் அல்லது தீவனப் புல். மாட்டுக்குத் தீனியும் ஆச்சு, மண் அரிப்பும் நின்றது.

7. அறுவடைக்குப் பிறகு நிலத்தைச் சும்மா விடாமல் கம்போ சோளமோ விதைக்கிறோம். ஆழ வேர் விடும் பயிர், மிச்ச நைட்ரேட்டை மேலே இழுத்துக்கொள்ளும்.

8. ஒவ்வொருவரும் எருப் பதிவேடு வைக்க வேண்டும். தேதி, சர்வே எண், என்ன எரு, எங்கிருந்து வந்தது, எத்தனை டன், தழைச்சத்து எத்தனை கிலோ. ஆறே கட்டம். பங்கேற்புச் சான்று பெறும் குழுக்களில் எப்படியும் பதிவேடு உண்டு. அதிலேயே ஒரு பக்கம் சேர்த்தால் போதும்.

9. ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் பார்க்க வேண்டும். முடிவைக் கூட்டத்தில் படிக்க வேண்டும். இந்த ஒன்றுக்குத்தான் எங்கள் குழுவில் எதிர்ப்பு வந்தது. “சார், வெளிய தெரிஞ்சா நம்ம பொருளை யார் வாங்குவாங்க?” என்றார் ஒரு தம்பி. நான் என் 68ஐ முதலில் எழுந்து படித்தேன். பிறகு மூன்று பேர் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள்.

ஒரு வருஷம் ஆகிறது. கோழி எருவை நிறுத்திவிட்டேன். மல்லாட்டைக்கு ஏக்கருக்கு 4 டன் தொழு எருதான். காய் பிடிப்பு பரவாயில்லை. கிணற்றில் நைட்ரேட் 61க்கு வந்திருக்கிறது. கீழே இறங்கியது திரும்பி வர வருஷக்கணக்கு ஆகும் என்று தெரியும். 45க்குக் கீழே வரும்வரை பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர்க் காசு கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அந்தச் செலவையும் எருப் பதிவேட்டிலேயே எழுதி வருகிறேன்.