கேமராவும் மனச்சாட்சியும்

இங்கிலாந்தில் 1992 முதல் வேகமாகச் செல்லும் வாகனங்களைச் சாலையோரக் கேமராக்கள் படம் பிடித்து வருகின்றன. அவற்றுள் ஒருவகை, அரை விநாடி இடைவெளியில் இரு படங்கள் எடுக்கும். அதற்குள் வண்டி 10 மீட்டர் ஓடியிருந்தால், வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர். சாலையில் தீட்டப்பட்ட கோடுகளைக் கொண்டு இதைச் சரிபார்க்கலாம். நாம் வகுப்பில் கற்கும் கணக்கே இது!

கணக்குத் தவறெனில் அபராதத்தை ஏற்காமல் நீதிமன்றத்தில் வாதாடலாம், அது உரிமை. ஆனால் பொய் சொல்ல உரிமை இல்லை. முன்னாள் அமைச்சர் கிறிஸ் ஹூன் 2003-இல் செய்த வேகக்குற்றத்தை அவர் மனைவி தம்முடையதென ஏற்றார். உண்மை வெளிப்பட்டு, 2013-இல் இருவரும் சிறை சென்றனர். வேகத்துக்கு அபராதம் போதும், பொய்க்குச் சிறை!

ஆகவே, இயந்திரத்தின் தவறை அஞ்சாமல் எடுத்துரைப்போம். நம் தவறை மறைக்காமல் ஒப்புக்கொள்வோம்.