இரண்டு வரி ஸ்பானிஷ்: வாசிப்பும் இலக்கணமும் சேர்த்துப் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்பானிஷ் கற்கத் தொடங்குபவர்கள் இலக்கணத்துக்கு ஒரு புத்தகம், வாசிக்க இன்னொன்று, சொற்களுக்குக் கைப்பேசிச் செயலி என்று தனித்தனியாக வைத்துக்கொள்வார்கள். சில மாதங்களில் வினைத்திரிபு அட்டவணை மனப்பாடம் ஆகிவிடும். ஆனால் ஒரு கடை வாசலில் தொங்கும் பலகையைப் படிக்கச் சொன்னால் திணறுவார்கள். அதைவிட, சின்னப் பத்தி ஒன்றை எடுத்து வாசிப்பு, இலக்கணம், எழுத்து மூன்றையும் அதிலிருந்தே பழகுவது மேல்.

1. முதலில் வாய் பழகட்டும்

இதற்கு ஒரு வாரம் போதும். ஸ்பானிஷை எழுதியபடியே பெரும்பாலும் படித்துவிடலாம்; தமிழ் நாக்குக்கு அந்நியமான ஒலிகள் குறைவு. 'பெரோ' என்றால் 'ஆனால்'. அதே சொல்லில் ரகரத்தை இரட்டித்து உருட்டினால் 'நாய்'. அசையழுத்தத்திலும் கவனம் வேண்டும். 'ஆப்லோ' என்பதில் முதல் அசையை அழுத்தினால் 'பேசுகிறேன்'. கடைசி எழுத்தின் தலையில் சாய்கோடு போட்டு அங்கே அழுத்தினால் 'பேசினார்'. வாசிக்கும்போது அந்தக் கோட்டை அலங்காரம் என்று தாண்டிப் போனால் காலமும் ஆளும் மாறிவிடும்.

2. பத்தியைத் தேர்ந்தெடுங்கள்

செய்தித்தாள் இப்போது வேண்டாம். பத்துச் சொல்லுக்கு ஒன்றிரண்டு தெரியாமல் இருக்கிற அளவே சரி. ஸ்பானிஷ் மொழியைப் பரப்பும் செர்வாந்தஸ் நிறுவனத்தின் இணைய மையத்தில் 'லெக்தூராஸ் பாஸோ ஆ பாஸோ' என்று மூன்று நிலைகளில் வாசிப்புப் பயிற்சிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் தொடக்க நிலையை எடுங்கள். கடை அறிவிப்பு, உணவக விலைப்பட்டியல், பேருந்து நேரம் எல்லாமே நல்ல பாடங்கள்தான்.

3. மூன்று தடவை வாசியுங்கள்

ஒரு கடையின் கதவில் இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்:

'லா தியெந்தா எஸ்தா ஸெர்ராதா லோஸ் லூனெஸ். அப்ரீமோஸ் தெ மார்தெஸ் ஆ ஸாபதோ, தெ தியெஸ் ஆ தோஸ் இ தெ ஸிங்கோ ஆ ஓச்சோ.'

முதல் தடவை அகராதியைத் தொடாதீர்கள். எது பற்றிய அறிவிப்பு என்று மட்டும் ஊகியுங்கள். இரண்டாம் தடவை, கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்: புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் போனால் கடை திறந்திருக்குமா? புதன் என்ற சொல்லே அறிவிப்பில் இல்லை. செவ்வாய் முதல் சனி வரை என்பதால் அன்றைக்குக் கடை உண்டு. ஆனால் பத்து முதல் இரண்டு, ஐந்து முதல் எட்டு என்பதால் மூன்று மணிக்கு மூடியிருக்கும். சொல்லைத் தேடி ஓடாமல் பொருளைக் கூட்டிப் பார்ப்பதைத்தான் தேர்விலும் சோதிக்கிறார்கள். மூன்றாம் தடவை தெரியாத சொற்களைத் தேடிப் பிடித்து, உரக்க வாசியுங்கள்.

4. அதே வரியில் இலக்கணம்

'அப்ரீமோஸ்' என்பதில் 'நாங்கள்' என்ற சொல் எங்கே? தேவையில்லை. நம் 'திறக்கிறோம்' போலவே ஈறே ஆளைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'நான், நான்' என்று போட்டுப் பழகி, பிறகு அதை விடப் படாத பாடு படுகிறார்கள். 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதும் அப்படியே 'மே குஸ்தா எல் கஃபே'தான். 'யோ குஸ்தோ' என்று தொடங்கினால் அது ஆங்கிலத்தின் வேலை.

தமிழ் நம்மைக் கவிழ்க்கும் இடமும் உண்டு. 'அவர் டாக்டர்' என்று வினையே இல்லாமல் நாம் முடித்துவிடுவோம். ஸ்பானிஷில் 'அவர்' போகலாம், வினை போகக்கூடாது: 'எஸ் மெதிகோ'. அந்த வினையும் இரண்டு வகை. தொழில், ஊர், இயல்பு என்றால் 'ஸெர்'. இருக்கும் நிலை, இடம் என்றால் 'எஸ்தார்'. கடை மூடியிருப்பது ஒரு நிலை, அதனால்தான் பலகையில் 'எஸ்தா'. இந்த வேறுபாடு ஒரே நாளில் பிடிபடாது. பிடிபடவில்லையே என்று அங்கேயே நிற்க வேண்டாம்.

அடுத்த தொல்லை பால். கடை நமக்கு அஃறிணை, அங்கே பெண்பால். அதனால் 'ஸெர்ராதா'. எந்தப் பெயர்ச்சொல்லையும் முன்னால் வரும் 'எல்' (ஆண்பால்), 'லா' (பெண்பால்) இல்லாமல் மனப்பாடம் செய்யாதீர்கள். 'ஆ' என்று முடிந்தால் பெண்பால், 'ஓ' என்று முடிந்தால் ஆண்பால் என்று ஈற்றை நம்பினால் 'எல் தியா', 'எல் மாப்பா', 'லா மானோ' போன்றவை காலை வாரிவிடும்.

'லோஸ் லூனெஸ்' என்றால் திங்கள்தோறும். 'எல் லூனெஸ்' என்றால் குறிப்பிட்ட ஒரு திங்கள். இரண்டெழுத்து மாறினால் ஒரு நாள் விடுமுறை வார விடுமுறையாகிவிடும்!

5. எழுதிப் பாருங்கள்

பலகையில் கடைக்குப் பதில் அருங்காட்சியகத்தைப் போடுங்கள். 'எல் மூஸேயோ' ஆண்பால், எனவே 'ஸெர்ராதோ'. கடைகள் என்று பன்மையாக்குங்கள்: 'லாஸ் தியெந்தாஸ் எஸ்தான் ஸெர்ராதாஸ்'. ஒரே சொல்லை மாற்றியதில் வாக்கியம் முழுவதும் அசைகிறது, பாருங்கள். பயிற்சிப் புத்தகத்தில் கோடிட்ட இடத்தை நிரப்புவதைவிட இது மனதில் நிற்கும். 'நாங்கள்' என்பதை 'நான்' ஆக்கி 'ஆப்ரோ' என்றும் எழுதிப் பாருங்கள்.

6. அகராதி

ஸ்பானிஷ் ராயல் அகாதெமியின் அகராதி இணையத்தில் இலவசம். விளக்கம் ஸ்பானிஷிலேயே இருப்பதால் முதலில் மிரட்டும். ஆனால் பெயர்ச்சொல்லின் பாலையும் வினையின் திரிபுகளையும் அதில் பார்த்துக்கொள்ளலாம். பொருளுக்கு ஸ்பானிஷ்-ஆங்கில அகராதியே தற்போதைக்குக் கைகொடுக்கும்.

7. தேர்வு எழுதுவதாக இருந்தால்

செர்வாந்தஸ் நிறுவனம் நடத்தும் டெலே தேர்வில் ஏ1தான் முதல் படி. வாசிப்புத் தாளுக்கு 45 நிமிடம், 4 பகுதிகள், 25 கேள்விகள். வாசிப்பையும் எழுத்தையும் ஒரே தொகுதியாகக் கூட்டி 50-க்கு 30 எடுத்தால்தான் தேர்ச்சி. வாசிப்பில் மட்டும் தேறி எழுத்தில் கோட்டை விட்டால் தொகுதியே போய்விடலாம். மாதிரித் தாள்களை இணையத்தில் எடுத்து, கடிகாரத்தை வைத்து எழுதிப் பாருங்கள்.

அதற்கிடையே படக்கதை படிக்க ஆசை வந்தால், கீனோ வரைந்த அர்ஜென்டினாச் சிறுமி மஃபால்தாவைச் சற்றுப் பொறுத்துப் படியுங்கள். 'உன்னிடம் இருக்கிறது' என்பதை நீங்கள் 'து தியெனெஸ்' என்று படித்திருப்பீர்கள். அங்கே 'வோஸ் தெனேஸ்' என்று வரும்.